புதுசா, பழசா? வேலூர்ப் பக்கம் குறைந்த காசில் சைக்கிள் வாங்க ஒரு முழு வழிகாட்டி

கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஆற்காட்டிலோ வீடு. தினமும் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். புதுசு வாங்கலாமா, பழசு போதுமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் வேறொன்றைத்தான் கேட்பேன்: சாதா சைக்கிளா, சொகுசு சைக்கிளா?

சாதா சைக்கிள் என்றால் கியர் இல்லாதது, ஷாக் இல்லாதது, ரிம்மைப் பிடிக்கிற பிரேக் உள்ளது. சொகுசு என்றால் முன்னால் ஷாக், சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு கியர், தடித்த டயர். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதா சைக்கிள் பழசாக இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். மலிவு விலைச் சொகுசு சைக்கிள் புதுசாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். அதுவே பழசு என்றால், உங்களுக்கே ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் ஒழிய, வேண்டாம். புதுசா பழசா என்ற கேள்வி இதற்கு அப்புறம்தான் வரும்.

முதல் படி: எவ்வளவு தூரம், என்ன பாதை

வேலூரைச் சுற்றி மலைகள் இருக்கின்றனவே தவிர, நாம் ஓட்டும் தெருக்கள் பெரும்பாலும் சமதரைதான். காட்பாடி ஜங்ஷனிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிக் கோட்டைப் பக்கம் வர ஆறேழு கிலோமீட்டர். அவசரமில்லாமல் மிதித்தால் அரை மணி நேரம். ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. இதற்குக் கியர் தேவையில்லை.

சாதா சைக்கிளின் கணக்கே சமதரைக்குப் போட்டதுதான். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் சக்கரத்தின் பல்சக்கரமான பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 28 இன்ச் சக்கரம் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் வரை நகரும். உட்கார்ந்தபடியே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக இது தோதான கணக்கு. பாலமதி மலை ஏற வேண்டும், 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரிக்கு மிதித்தே போக வேண்டும் என்பவர்களுக்குத்தான் கியர். அவர்களுக்கு 5,000 ரூபாய் பட்ஜெட் போதாது. அது தனிக் கதை.

சுமை உண்டா என்பதையும் இப்போதே யோசியுங்கள். பால் கேன், காய்கறிக் கூடை, பின்னால் ஒரு பிள்ளை என்றால் கனமான கேரியரும் டபுள் ஸ்டாண்டும் உள்ள பார் வைத்த பழைய மாடல்தான் சரி. ஷாக் வைத்த சைக்கிள்கள் பலவற்றில் கேரியர் உறுதியாக மாட்டவே வராது. மாட்டினாலும் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும்.

இரண்டாவது படி: உங்கள் தெரு மெக்கானிக்கிடம் பேசுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. சைக்கிளை வாங்கிவிட்டு மெக்கானிக்கைத் தேடுவார்கள். தேட வேண்டியது அவரைத்தான் முதலில். வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போகிற தூரத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறதா? அவரிடம் எந்த அளவு டயரும் டியூபும் எப்போதும் இருக்கும்? 26 இன்ச், 28 இன்ச் என்றால் ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம், ஆம்பூர் என எங்கேயும் கிடைக்கும். 27.5 இன்ச், 29 இன்ச், 700 சி என்று போனால் சின்னக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. பெரிய கடைக்குப் போகணும், இல்லை ஆன்லைனில் வரவழைக்கணும். அந்த நாலு நாளும் ஷேர் ஆட்டோதான்.

அவரிடமே ஐந்து விலை கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு டயர், ஒரு டியூப், செயினும் பிரீவீலும், பிரேக் கட்டையும் ஒயரும், முழு ஓவராயிலிங் (எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டுப் பூட்டுவது) கூலி. கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். உங்கள் மெக்கானிக் சொல்கிற விலைதான் உங்கள் கணக்குக்கு உதவும். இந்தச் சீட்டு இல்லாமல் பழைய சைக்கிள் பார்க்கப் போகாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், வால்வு. பழைய மாடல்களில் ரப்பர் வால்வு டியூப் வைத்த சைக்கிள் வால்வு இருக்கும். அதற்குச் சைக்கிள் கடைப் பம்பு வேண்டும். பெட்ரோல் பங்க் குழாய் பொருந்தாது. புது மாடல்கள் பலவற்றில் பைக்கில் உள்ள அதே வால்வு வருகிறது. பங்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம். டியூப் மாற்றும்போது இரண்டாவது வகையாகக் கேட்டு வாங்குங்கள், ரிம் ஓட்டை இடம் கொடுத்தால்.

மூன்றாவது படி: கணக்கு

கையில் உள்ள 5,000 முழுவதும் சைக்கிளுக்கு இல்லை. பூட்டுக்கு 300, மணி, லைட், பின்னால் ஒளிரும் சிவப்பு வில்லை எல்லாம் சேர்த்து இன்னொரு 300 எடுத்து வைத்துவிடுங்கள். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் இருட்டியபின் ஓட்டுகிறவர்கள் லைட் செலவைக் குறைக்கவே கூடாது.

மீதிப் பணத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பழைய சைக்கிளின் விலையும் அதைச் சரிசெய்யும் செலவும் சேர்ந்து, அதே மாதிரிப் புது சைக்கிளின் விலையில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புதுசுக்குக் காசு சேர்ப்பதே மேல்.

ஒரு உதாரணம். புது சாதா சைக்கிள் கடையில் 6,500 ரூபாய் என்று வைப்போம். அதில் 60 சதவீதம் 3,900. பழைய வண்டிக்கு 2,500 கேட்கிறார்கள். பார்த்தால் இரண்டு டயரும் டியூபும் போய்விட்டன. உங்கள் சீட்டுப்படி 900. செயினும் பிரீவீலும் தேய்ந்திருக்கின்றன, 400. பிரேக் கட்டை, ஒயர் 150. ஓவராயிலிங் 400. ஆக 1,850. இப்போது 3,900-லிருந்து 1,850-ஐக் கழியுங்கள். வருவது 2,050. அதற்கு மேல் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம். அவர் 2,500-லிருந்து இறங்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கோபப்பட ஒன்றும் இல்லை. டயர் நல்ல நிலையில் இருந்திருந்தால் அதே 2,500 நியாயமான விலையாகியிருக்கும்.

புதுசு பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 6,000 ரூபாய் உள்ள சைக்கிள் முன்பு 6,720 ஆகும், இப்போது 6,300. இந்த 420 ரூபாய் புதுசின் பக்கம் தட்டைக் கொஞ்சம் தாழ்த்துகிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டுகிற கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் 1 சேரும் மாணவர்களுக்குத் தமிழக அரசு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய திட்டம், 2005-06-ல் எல்லோருக்கும் விரிந்தது. அடுத்த வருஷம் பிள்ளை அதே மாதிரிப் பள்ளியில்தான் தொடரப் போகிறது என்றால், இப்போது 7,000 போட்டுப் புதுசு வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாங்குகிற பழசு போதும். பள்ளி திறந்த அன்றே சைக்கிள் கைக்கு வந்துவிடாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கட்டும்.

நான்காவது படி: பழசு எங்கே, எப்போது

வேலூரில் பழைய சைக்கிளுக்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிற மாணவர்கள் விற்பார்கள். வி.ஐ.டி. இருக்கிற காட்பாடிப் பக்கமும், சி.எம்.சி. கல்லூரி வளாகம் இருக்கிற பாகாயம் பக்கமும் கண்ணை வைத்திருங்கள். ரயிலேறும் நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும். ஜூன் மாதம் பள்ளி கல்லூரி திறக்கும்போது இதே வண்டிகளுக்கு விலை ஏறிவிடும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். மாணவர்கள் விற்பதில் கணிசமானவை நான் வேண்டாம் என்று சொன்ன அந்தச் சொகுசு ரகம்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று விழுந்துவிடாதீர்கள். அதில் சாதா சைக்கிள் வந்தால் மட்டும் உடனே போங்கள்.

சாதா ரகம் கிடைப்பது வேறு இடங்களில். சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர்களிடம் எப்போதும் ஒன்றிரண்டு விற்பனைக்கு நிற்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மொபெட்டோ பைக்கோ வாங்கியதும் சைக்கிளை விற்பார்கள். வீட்டுத் திண்ணையில் தாத்தா ஓட்டிய ஹீரோவோ அட்லஸோ தூசி படிந்து நிற்கும். கேட்டால்தான் விற்பார்கள், விளம்பரம் செய்ய மாட்டார்கள். அதனால் பால்காரர், பேப்பர் போடுகிறவர், மளிகைக் கடைக்காரர் என நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

செல்போன் விற்பனைத் தளங்களில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ‘வேலூர்’ என்று மட்டும் போட்டுத் தேடினால் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி விட்டுப்போக வாய்ப்புண்டு. மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

கம்பெனி பற்றிக் கவலை வேண்டாம். அட்லஸின் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, நின்றுபோனது. அதனால் பழைய அட்லஸ் வாங்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். பார் வைத்த பழைய மாடலில் ரிம், செயின், பிரீவீல், அச்சு எல்லாம் பொது அளவு. ஹீரோவுக்குப் போடுவது அட்லஸுக்கும் பொருந்தும். பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் இரண்டும் சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பெயர்கள்; அவற்றின் சாதா மாடல்களும் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகினவை.

ஐந்தாவது படி: வண்டியைப் பார்ப்பது

பகலில் போங்கள். ஒரு ஸ்கேல், கொஞ்சம் நூல், பழைய துணி, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர், “வண்டி சூப்பரா கீதுண்ணா, ஓட்டவே இல்ல, சும்மா நின்னுட்டுதான் இருந்துச்சு” என்பார். சும்மா நின்ற வண்டி நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. நம் ஊர் வெயிலில், வருஷத்தில் பல நாள் 40 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில், வெளியே நின்ற டயர் ஓடாமலே வெடித்துப்போகும். கிரீஸ் இறுகிப் பிசினாகிவிடும். தினமும் ஓடி, அவ்வப்போது எண்ணெய் கண்ட வண்டிதான் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

முதலில் ஃபிரேம். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். ஃபிரேம் போனால் வண்டி போயிற்று. துணியால் துடைத்துவிட்டு, பெடல் அச்சு போகிற குழாயின் அடிப்பக்கத்தையும், ஹேண்டில் குழாயும் கீழ்ப் பாரும் சேருகிற இடத்தையும் உற்றுப் பாருங்கள். மேலாகப் படிந்த துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். பெயின்ட் கொப்புளமாக எழும்பி, நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தால் உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். கீழ்ப் பாரில், ஹேண்டிலுக்குச் சற்றுப் பின்னால், தகடு சுருங்கின மாதிரி மெல்லிய மடிப்புத் தெரிகிறதா? அந்த வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து பளபளவென்று நிற்கும் பழைய சைக்கிளில் இந்த இடங்களைத் தடவியும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல். பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கமாகப் பின்னுக்கே கொண்டுவந்து கட்டுங்கள். நூல் இருபுறமும் இழுத்துப் பிடித்தபடி இருக்கணும். இப்போது சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். விற்பவர் வேடிக்கையாகப் பார்ப்பார்; பார்க்கட்டும்.

அதற்குக் கூச்சமாக இருந்தால் தண்ணீர் வழி. தரையில் தண்ணீரை ஊற்றி, ஈரத்தின் மேல் வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போங்கள். முன் சக்கரத்தின் ஈரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடமும் விழுந்தால் சரி. இரண்டு தனிக் கோடுகளாகப் போனால் ஃபிரேமோ, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோ கோணியிருக்கிறது. சில சமயம் பின் சக்கரத்தைக் கோணலாக மாட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்தது சக்கரம். தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ரிம் பக்கவாட்டில் ஆடினால் ஸ்போக்கைத் திருகிக் கோட்டம் எடுத்துவிடலாம், சின்னச் செலவு. மேலும் கீழுமாகத் துள்ளினால் ரிம் அடிவாங்கியிருக்கிறது. புது ரிம் போட வேண்டிவரும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் தொளதொளவென்றிருந்தால் பரவாயில்லை. நாலைந்து இல்லவே இல்லை என்றால் அந்தச் சக்கரத்தின் செலவைச் சீட்டில் எழுதுங்கள். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் கோன், அதாவது அச்சில் இரும்புக் குண்டுகளை அணைத்து நிற்கும் திருகு, தளர்ந்திருக்கிறது. இறுக்கியும் போகாமல், சுற்றும்போது மணல் அரைபடுகிற மாதிரி உணர்ந்தால் உள்ளே குண்டும் கோனும் தேய்ந்துவிட்டன.

பெடல் கட்டையை, பெடலை அல்ல, அதைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்து வண்டியின் பக்கமாகவும் வெளியேயும் ஆட்டுங்கள். இரண்டு கையும் சேர்ந்து ஆடினால் நடு அச்சு, மெக்கானிக் பி.பி. என்பாரே, அது தளர்ந்திருக்கிறது. ஒரு கை மட்டும் ஆடினால் அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. காட்டர் பின் மலிவு. ஆனால் வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டே ஓடியிருந்தால் அச்சையும் தின்றிருக்கும்.

செயினுக்கு ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இன்ச். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 24 பின் தள்ளிச் சரியாக 12 இன்ச்சில் விழ வேண்டும். அதைத் தாண்டி ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மாற்றணும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பிரீவீல் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் வழுக்கும். ஓட்டும்போது எழுந்து நின்று ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். கடக்கென்று கால் வழுக்கினால் இதே நோய். பாலத்தின் மேல் பஸ்ஸுக்கு முன்னால் இப்படி வழுக்கினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கப்பில், அதாவது ஹேண்டில் சுழலும் கிண்ணத்தில், ஆட்டம் இருந்தால் தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால் கப்பில் குழி விழுந்துவிட்டது. உட்காரும் சீட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிய சீட்டுக் கம்பியை எடுப்பது பெரும்பாடு. உங்கள் உயரத்துக்கு அது ஏற்கனவே சரியாக இருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

டயரின் பக்கச் சுவரை அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் தெரியும். நூல் தெரிந்தால் டயர் கணக்கில் சேராது.

சொகுசு ரகம்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. முன் ஷாக்கை அழுத்தினால் அமுங்கி, சத்தமில்லாமல் எழ வேண்டும். இறுகியிருந்தால் மலிவு ஷாக்கைச் சரிசெய்வது வீண், மாற்றத்தான் வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கியர் மாற்றும் கருவி தொங்குகிற துண்டு சக்கரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் கியர் எதுவும் ஒழுங்காக விழாது. அந்தத் துண்டு மாடலுக்கு மாடல் வேறு. இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். தெருமுனை வரை போய் வருவது போதாது. ஒரு மேடு, ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஒரு திடீர் பிரேக். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, மிதிக்கும்போது ஒரே இடத்தில் டொக் டொக் என்கிறதா என்று கேளுங்கள். பாரின் மேல் கால் போட்டு இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நிற்க முடிய வேண்டும். பாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் இடம் வேண்டும். பழைய மாடல்களில் 20, 22, 24 இன்ச் என்று சொல்வது ஃபிரேம் உயரத்தை. அதைச் சக்கர அளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய ஃபிரேம் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் அரைப் பெடல் அடித்துத்தான் கற்றோம் என்பது உண்மைதான். இன்றைய ஆற்காடு ரோட்டு நெரிசலில் கால் எட்டாத பிள்ளையை விட முடியாது.

ஆறாவது படி: பேரமும் காகிதமும்

பேரத்தில் குறை சொல்லாதீர்கள், விலைச் சீட்டைக் காட்டுங்கள். “இன்னாண்ணா, கடைசியா எவ்ளோ?” என்று தொடங்கினால் அவர் நூறு குறைப்பார், நீங்கள் நூறு ஏற்றுவீர்கள். “டயர் 900, செயின் 400 ஆகுதுண்ணா, எங்க மெக்கானிக் சொன்ன விலை. அதைக் கழிச்சு 2,000 தரேன்” என்றால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பணம் கொடுக்கும் முன் ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக் குழாயின் அடியிலோ சீட்டுக் குழாயிலோ குத்தியிருக்கும். அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, அதனால் யார் வண்டி என்பதற்கு ஆதாரம் நாம்தான் உண்டாக்க வேண்டும். பில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் தேதி, ஃபிரேம் எண், தொகை, இருவர் பெயர், விற்பவர் கையெழுத்து. பணத்தை ஜிபே மாதிரி வழியில் அனுப்பினால் அதுவும் ஒரு பதிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கியர் சைக்கிள் 800 ரூபாய்க்கு, பில் இல்லை, இன்றைக்கே வேண்டும் என்றால், அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

புதுசு என்று முடிவானால்

புதுச் சைக்கிள் கடைக்குப் பெட்டியில் பாதி பூட்டியும் பாதி பூட்டாமலும் வருகிறது. கடைப் பையன் பூட்டிக் கொடுப்பதுதான் உங்கள் வண்டி. அதனால் புதுசையும் பரிசோதிக்க வேண்டும். முன் ஃபோர்க் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருப்பது நடக்கிற கதைதான். முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் நிற்க வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் மரை. வலப்பக்கப் பெடலை அங்கே வலுவாகத் திருகிவிட்டால் பெடல் கட்டையின் மரை நாசமாகும். இரண்டு பெடலும் கோணல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பாருங்கள், பிரேக் பிடியுங்கள்.

விலை கேட்கும்போது “எல்லாம் சேர்த்து” என்று கேளுங்கள். ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர், மணி, பூட்டு, பூட்டுக் கூலி என்று தனித்தனியாகச் சேர்ந்து 6,000 ரூபாய் சைக்கிள் 7,000-ஐத் தொடும். இரண்டு கடையில் விலை கேட்கும்போது இந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துக் கடை 200 கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குவேன். முதல் மாதம் இரண்டு தடவையாவது போக வேண்டியிருக்கும்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இதுதான். பாகாயத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ தினமும் வேலைக்கு மிதிக்கிறவர், சொந்தமாகப் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாதவர், காலை நேரத்தில் வண்டி நின்றால் சம்பளம் போகும் என்கிறவர் - கொஞ்சம் காசு சேர்த்துப் புது சாதா சைக்கிள் வாங்கட்டும். இரண்டு வருஷம் படிக்க வந்திருக்கும் மாணவர் பழசு வாங்கி, போகும்போது ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுவிட்டுப் போகலாம். சுமை ஏற்றுகிறவருக்குப் பழைய 28 இன்ச், ஓவராயிலிங் செய்து. வளர்கிற சின்னப் பிள்ளைக்குப் பழசுதான். 20 இன்ச் சக்கரம் இரண்டு மூன்று வருஷத்தில் சின்னதாகிவிடும், அதைப் புதுசாக வாங்குவது ஆசைக்கு மட்டுமே. சேலை கட்டி ஓட்டுகிற அம்மாக்களுக்கு லேடிபேர்ட் மாதிரிப் பார் இல்லாத வண்டி. அவற்றில் பழசு வாங்கும்போது செயின் கவர் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

வாங்கிய முதல் மாதம்

புதுசானால் ஸ்போக்குகள் ஓடி ஓடிப் படியும்போது தளரும். மூன்று நான்கு வாரத்தில் ஒரு தடவை கோட்டம் எடுத்து, எல்லா நட்டையும் இறுக்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயரும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

பழசானால் நேரே மெக்கானிக்கிடம்தான். ஓவராயிலிங்குக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குண்டுகளைத் துடைத்துவிட்டு அதே பழைய குண்டைப் போடுகிறாரா, புதுசு போடுகிறாரா என்று தெரியும். புதுக் குண்டுக்கு அதிகம் ஆகாது, கேட்டு வாங்குங்கள்.

பாலாற்று ஓரம், ஏரிக்கரை என்று ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள்தான் எதிரி. வீடு வந்ததும் டயரை ஒரு சுற்றுச் சுற்றி, பாதி குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கிவிட்டால் நாளைய பஞ்சர் இன்று தப்பும். பிடுங்கியதும் காற்று இறங்கினால் மறுபடியும் குத்தி வைக்க வேண்டாம். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கடைக்குத் தள்ளிப் போங்கள், ஓட்டை தேடுகிற நேரமாவது மிச்சம்.